லேசர் அணுக்கரு இணைவு நிறுவனத்தின் பங்கில் 5 லட்சம் போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 61. காவேரிப்பட்டினம் அருகே மாந்தோப்பு வைத்திருக்கிறேன். நிலத்தில் ஒரு பகுதியை விற்றதில் 15 லட்சம் ரூபாய் கையில் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளில் மகளுக்குத் திருமணம் செய்ய வேண்டும். ஓசூரில் அறிமுகமான ஒரு முகவர், லேசர் மூலம் சூரியனைப் போல மின்சாரம் எடுக்கும் நிறுவனத்தின் பங்கு சந்தைக்கு வருமுன்பே கிடைக்கிறது என்றும், 5 லட்சம் போட்டால் மூன்று ஆண்டுகளில் மூன்று மடங்காகும் என்றும் சொல்கிறார். அமெரிக்காவில் இது வெற்றி பெற்றதாகச் செய்தியிலும் பார்த்தேன். போடலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. நீங்கள் பார்த்த செய்தி உண்மைதான். அந்த உண்மையைக் காட்டி உங்களிடம் விற்கப்படுவதுதான் வேறு.

2022 டிசம்பர் 5 அன்று கலிஃபோர்னியாவிலுள்ள லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில், 192 லேசர் கதிர்களின் ஆற்றலால் சுமார் 2 மில்லிமீட்டர் அளவுள்ள குளிகை ஒன்றை நசுக்கி, அதனுள் இருந்த டியூட்டீரியம், டிரிட்டியம் என்ற இரு கனமான ஹைட்ரஜன் வகைகளின் அணுக்கருக்களை இணையச் செய்தார்கள். உள்ளே சென்ற லேசர் ஆற்றல் 2.05 மெகாஜூல், வெளிவந்தது 3.15 மெகாஜூல். நம் வீட்டு மீட்டரில் ஓடும் ஒரு யூனிட் என்பது 3.6 மெகாஜூல் என்பதால், அன்று கிடைத்தது ஒரு யூனிட்டுக்கும் குறைவான வெப்பம். அந்த லேசர்களை இயக்குவதற்கு மின்கட்டமைப்பிலிருந்து எடுத்ததோ சுமார் 300 மெகாஜூல், அதாவது 83 யூனிட். 2025இல் வெளிவந்த ஆற்றல் 8.6 மெகாஜூலாக உயர்ந்தது பாராட்டத்தக்க முன்னேற்றமே. ஆயினும் அந்த வெப்பத்தைக் கொண்டு நீராவியாக்கி டர்பைனைச் சுழற்றினால், ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம்தான் தேறும்.

மின் நிலையமாக இயங்க, இதே வெடிப்பு நொடிக்குப் பத்து முறை அளவில் நிகழ வேண்டும் என்பது பொதுவான மதிப்பீடு. அப்படியானால் நாளொன்றுக்கு 8 லட்சத்துக்கும் மேற்பட்ட குளிகைகள் வேண்டும். இன்று ஒவ்வொன்றும் மிகுந்த நுட்பத்தோடு, பெரும் செலவில் செய்யப்படுகிறது. டிரிட்டியமோ 12.3 ஆண்டுகளில் பாதியாகச் சிதைந்துவிடும் பொருள். இயற்கையில் அரிது என்பதால், உலையின் சுவரிலேயே லித்தியத்திலிருந்து அதை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். போதாக்குறைக்கு, அந்த ஆய்வகத்தின் லேசர் அமைப்பு கட்டப்பட்ட முதன்மை நோக்கம் மின்சாரமே அல்ல, அணு ஆயுத ஆராய்ச்சி. 2009இல் கட்டி முடித்தபோது லேசர் செலுத்தியதைவிட அதிக ஆற்றலை 2012க்குள் எடுத்துவிடலாம் என்று வைத்த இலக்கு, 2022இல்தான் கைகூடியது. அரசுப் பணமும் தேர்ந்த விஞ்ஞானிகளும் இருந்தும் பத்தாண்டு தள்ளிப்போன துறையில், முகவர் மூன்றே ஆண்டுகளுக்கு நாள் குறிக்கிறார்.

ஒட்டு மாங்கன்று நட்டால் எத்தனையாவது ஆண்டில் காய்ப்புக்கு வரும் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியும். இங்கே நாற்றங்காலே இன்னும் சோதனையில்தான் இருக்கிறது. இத்துறை வெல்லும் என்றே நான் நம்புகிறேன், ஆனால் உங்கள் மகளின் திருமணத்துக்கு முன்பாக அல்ல.

அவர் சொல்லும் கணக்கையும் பாருங்கள். மூன்று ஆண்டுகளில் மூன்று மடங்கு என்றால் ஆண்டுக்கு 44 சதவீத வளர்ச்சி. பங்கு முதலீட்டில் வருமானத்துக்கு உத்தரவாதம் தர எவருக்கும் இயலாது. தருகிறேன் என்ற அந்த ஒரு சொல்லே விலகிப்போகப் போதுமான காரணம். லேசர் இணைவில் இறங்கியுள்ள நிறுவனங்கள் பெரும்பாலும் அமெரிக்கா, ஐரோப்பாவைச் சேர்ந்த தனியார் நிறுவனங்கள். அவற்றின் பங்கை முறைப்படி வாங்குவதென்றால், ரிசர்வ் வங்கியின் விதிகளுக்கு உட்பட்டு உங்கள் வங்கி வழியாகவே பணம் வெளிநாடு செல்ல வேண்டும். முகவரின் கணக்குக்கு அல்ல. இந்திய நிறுவனம் என்று அவர் சொன்னால், ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் பங்கை விற்க முன்வந்தாலே அது பொது வெளியீடாகக் கருதப்பட்டு, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதிகளுக்குள் வந்துவிடும். ஊர் ஊராகச் சென்று விற்பவரிடம் அந்த விதிகளின்படியான வெளியீட்டு ஆவணத்தைக் கேளுங்கள்.

15 லட்சத்தில் திருமணத்துக்கென 8 லட்சத்தை ஒதுக்கி, இரண்டு வங்கிகளில் நான்கு நான்கு லட்சமாக வைப்புநிதியில் போடுங்கள். ஒரு வங்கியில் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் காப்பீடு உண்டு என்பதே பிரித்துப் போடச் சொல்வதன் காரணம். 6 லட்சத்தை அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் சேர்த்தால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். மா விலை சரியும் ஆண்டில் அது கைகொடுக்கும். மீதி ஒரு லட்சம் அவசரத்துக்குச் சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும்.

சூரியனின் ஆற்றல்மீது உண்மையிலேயே ஆர்வம் இருந்து, வீட்டு மின்கட்டணமும் அதிகமாக வருகிறது என்றால், கூரைமேல் 3 கிலோவாட் சூரியத் தகடு அமைப்பதற்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. சூரியனும் அணுக்கரு இணைவில்தான் எரிகிறது!

முகவரிடம் ஏற்கெனவே முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால், ரசீதையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, எழுத்துமூலம் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். இழுத்தடித்தால் தாமதிக்காமல் பொருளாதாரக் குற்றப்பிரிவு காவல்துறையில் புகார் கொடுங்கள்.