பிடித்துக்கொண்டுபோன நாயை அதே தெருவில் ஏன் விடுகிறார்கள்?

பெரம்பூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளராக இருக்கும் வாசகி கேட்கிறார்: "எங்கள் தெருவில் பத்துப் பன்னிரண்டு நாய்கள். மூன்றாவது மாடி அம்மா தினமும் ராத்திரி கேட் வாசலிலேயே சோறு வைக்கிறார். போன வாரம் எட்டு வயதுப் பையனை ஒரு நாய் துரத்தி, காலில் பல் பட்டு லேசாக ரத்தம் வந்தது. டி.டி. ஊசி போட்டார்கள். மாநகராட்சியிடம் சொன்னால் நாயைப் பிடித்துப்போய்ச் சில நாளில் இங்கேயே கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, வண்டி வைத்துச் செங்கல்பட்டுப் பக்கம் விட்டுவிடலாம் என்கிறார்கள் சிலர். இதற்கு நடுவே முதல் மாடிக்காரர் தன் லாப்ரடாரைச் சங்கிலி இல்லாமல் கீழே விடுகிறார். என்னதான் செய்வது?"

நாய் விஷயம் அப்புறம். முதலில் அந்தப் பையன். டி.டி. ஊசி ரண ஜன்னிக்கானது, வெறிநோயைத் தடுக்காது. இதைப் படித்த கையோடு அவன் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். இன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ கூட்டிப்போகச் சொல்லுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி அங்கே இலவசம். ஒரு வாரம் ஆகிவிட்டதே என்று விடக் கூடாது, தாமதமானாலும் போட்டே ஆக வேண்டும். தோலில் போடும் முறை என்றால் முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28ஆம் நாள்கள். பல் பட்டு ரத்தம் வந்திருப்பதால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசியும் தேவைப்படும். மருத்துவரிடம் "ரத்தம் வந்தது" என்பதை மறக்காமல் சொல்ல வேண்டும். "பத்து நாள் நாயைப் பார்ப்போம், செத்தால் ஊசி போடுவோம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நாயைக் கவனிப்பதும் ஊசி போடுவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டியவை. வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற வழியில்லை. இனிமேல் யாரையாவது நாய் கடித்தால் குழாயைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம்.

சரி, இப்போது தெருவுக்கு வருவோம்.

அதே இடத்தில் விடுவது மாநகராட்சியின் அலட்சியம் அல்ல, சட்டம் அது. 2023இல் வந்த விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தெருநாயைப் பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். 2025 ஆகஸ்ட் 11இல் டெல்லி நாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், ஆகஸ்ட் 22இல் அதை மாற்றி இதே முறையை உறுதி செய்தது. வெறிநோய் கண்ட அல்லது சந்தேகத்துக்குரிய நாய்களுக்கும், ஆக்ரோஷமான நாய்களுக்கும் மட்டும் விலக்கு. பிடித்த நாயை அதே இடத்தில் திரும்ப விடக் கூடாது என்ற நவம்பர் 7 உத்தரவு பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களுக்கானது. உங்களைப் போன்ற குடியிருப்புத் தெருவுக்கு அது பொருந்தாது.

சட்டம் கிடக்கட்டும், பலன் என்ன என்று கேட்பீர்கள். சென்னை மாநகராட்சி நூறு வருஷத்துக்கும் மேலாக நாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டுதான் இருந்தது. நாய் குறையவில்லை. 1996இல்தான் கொல்வதை நிறுத்திக் கருத்தடைக்கு மாறினார்கள். காரணம் எளிது. தெருவில் குப்பைத்தொட்டியும் கறிக்கடைக் கழிவும் மிச்சச் சோறும் இருக்கிறவரை அங்கே நாய் இருக்கும். இருக்கிறதை அப்புறப்படுத்தினால் பக்கத்துத் தெரு நாய் வரும். ஊசி போட்டதா, எப்படிப்பட்டது என்று எதுவுமே தெரியாத புது நாய். செங்கல்பட்டில் நீங்கள் இறக்கிவிடுகிற நாய்களோ அங்குள்ள நாய்களிடம் கடிபட்டும், லாரியில் அடிபட்டும் சாகும். அந்த ஊர்க் குழந்தைகளும் குழந்தைகள்தானே? தயவுசெய்து அந்த யோசனையைக் கூட்டத்திலேயே நிறுத்திவிடுங்கள். அது விதிமீறலும்கூட.

உங்கள் தெருவில் இந்த முறை வேலை செய்யாததற்குக் காரணம், அரைகுறையாக நடந்திருப்பதுதான். புகார் வரும்போது வண்டி வருகிறது, கையில் சிக்கிய இரண்டு மூன்றைப் பிடித்துப்போகிறது. தப்பி ஓடிய பெட்டை ஒன்று போதும். வருஷத்துக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும், இரண்டே மாதச் சினை, ஒவ்வொரு ஈற்றுக்கும் நாலைந்து குட்டி. அது பருவத்தில் இருக்கும்போது சுற்று வட்டாரத்துக் கடுவன்களெல்லாம் உங்கள் வாசலில் கூடிச் சண்டை போடும். குட்டி போட்ட பிறகு தாய் நாய் கிட்டே போகிறவரை எல்லாம் விரட்டும். பையனைத் துரத்தியது எந்த நாய் என்று விசாரியுங்கள். குட்டி போட்ட தாயாக இருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை. 2024இல் எடுத்த கணக்குப்படி சென்னையில் சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள், அதில் கருத்தடை ஆனவை நாலில் ஒரு பங்குக்குச் சற்றுதான் அதிகம். ஊர் முழுக்கவே இந்த வேலை பாதியில் நிற்கிறது. ஆனால் ஒரு தெருவை முழுமையாக முடிப்பது சாத்தியம், அதை நீங்கள் செய்துகாட்டலாம்.

இங்கேதான் மூன்றாவது மாடி அம்மா வேண்டும். நீங்கள் எல்லாரும் சண்டை போடுவது, உங்களுக்கு அதிகம் தேவைப்படுகிற ஆளோடு. எத்தனை நாய், எது பெட்டை, எது எங்கே படுக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ராத்திரி சோறு வைக்கும்போது அவரோடு போய் நில்லுங்கள். ஒவ்வொன்றின் காதையும் பாருங்கள். காது நுனியில் முக்கோணமாகச் சின்ன வெட்டு இருந்தால் ஆபரேஷன் ஆனது. இரண்டு காதும் முழுசாக இருப்பவற்றைச் செல்போனில் படம் எடுங்கள், நிறம், பெட்டையா கடுவனா, படுக்கிற இடம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு மாநகராட்சியின் புகார் எண்ணான 1913க்குக் கூப்பிட்டுப் பதிவு எண் வாங்குங்கள். "நாய்த் தொல்லை" என்று மொட்டையாகச் சொல்லாமல் "இந்தத் தெருவில் ஆபரேஷன் ஆகாத நாய் ஏழு, அதில் பெட்டை நாலு, எல்லாவற்றையும் சேர்த்துப் பிடியுங்கள், பிடிக்க நாங்கள் உதவுகிறோம்" என்று கேளுங்கள். பட்டியலின் நகலோடு மண்டல அலுவலகத்துக்கும் வார்டு கவுன்சிலருக்கும் சங்கத்தின் பெயரில் மனு கொடுங்கள்.

வண்டி வரும் காலையில் அந்த அம்மா கட்டாயம் தெருவில் இருக்க வேண்டும். வலையைப் பார்த்தாலே சிதறி ஓடும் நாய்கள் அவர் குரலுக்கு வந்து நிற்கும். ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டிகளையும் பால் கொடுக்கும் தாயையும் அன்றைக்கு எடுக்க மாட்டார்கள், எடுக்கவும் கூடாது. அவற்றுக்கு இன்னொரு தேதி கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான தெருக்களில் கோட்டைவிடுவது இந்த இரண்டாவது தேதியைத்தான்.

சோறு வைப்பதை நிறுத்தச் சொல்லாதீர்கள், இடத்தை மாற்றச் சொல்லுங்கள். கேட் வாசல், மாடிப்படி, குழந்தைகள் விளையாடும் இடம் ஆகியவற்றிலிருந்து தள்ளி உணவிடும் இடத்தை ஏற்பாடு செய்வது 2023 விதிகளின்படி குடியிருப்புச் சங்கத்தின் பொறுப்பு, அதாவது உங்கள் பொறுப்பு. கண்ட இடத்தில் வைக்காமல் வார்டில் ஒதுக்கிய இடத்தில்தான் வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் சொல்லியிருப்பதால், உங்கள் வார்டில் எந்த இடம் என்று மனுவிலேயே கேட்டுவிடுங்கள். பிள்ளைகள் நடமாட்டம் இல்லாத நேரமாக ஒன்றை முடிவு செய்து, சாப்பிட்டு முடித்ததும் இலையும் மிச்சமும் அள்ளப்பட்டால் பாதிப் புகார் தானாக அடங்கும்.

லாப்ரடார்காரர் விஷயத்தில் நீங்கள் தயங்கவே வேண்டாம். வளர்ப்பு நாய் என்றால் சாது என்று நினைப்பது தப்பு. 2024 மே மாதம் ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியவை வளர்ப்பு ராட்வீலர் இன நாய்கள். மாநகராட்சி உரிமம் எடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள். ஐம்பது ரூபாய்தான் கட்டணம், வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றிதழோடு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். தோள்பட்டைக்கு நடுவே தோலுக்கடியில் அரிசி மணி அளவு மைக்ரோசிப் பொருத்துவார்கள். நாய் தொலைந்தாலும், யாராவது தெருவில் தள்ளிவிட்டுப் போனாலும் அதை வைத்து உரிமையாளரைக் கண்டுபிடிக்கலாம். உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2025 கடைசியில் மாநகராட்சி அறிவித்தது. வளர்ப்பு விலங்கால் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாதவருக்குப் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 291ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ உண்டு. ஆனால் ஒன்று: நாய் வளர்க்கவே கூடாது, லிப்டில் ஏற்றக் கூடாது என்று சங்கம் தீர்மானம் போட முடியாது. கழுத்துப்பட்டை, சங்கிலி, ஊசி, மலம் அள்ளுவது, இவற்றைக் கட்டாயமாகக் கேளுங்கள். அதோடு அந்த நாய்க்குக் கருத்தடை ஆகியிருக்கிறதா என்றும் கேளுங்கள். அவிழ்த்துவிட்ட வீட்டு நாய் தெருப் பெட்டையோடு சேர்ந்தால் பிறப்பது தெருக்குட்டிதான்.

நாய்கள் ஆபரேஷன் முடிந்து திரும்பி வந்ததும் பட்டியலை எடுத்து ஒவ்வொரு காதையும் சரிபாருங்கள். தையல் போட்ட இடத்தில் வீக்கமோ சீழோ தெரிந்தால் உடனே அதே 1913க்குச் சொல்லுங்கள். பட்டியலில் விட்டுப்போனவை இருந்தால் மறுவாரமே அடுத்த மனு கொடுங்கள். தடுப்பூசிக்கு வருஷா வருஷம் மறு ஊசி தேவை. முகாம் எப்போது என்று விசாரித்துச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள்.