14 எம்.எம். ஸ்பார்க் பிளக்குக்கு 14 எம்.எம். சாக்கெட் கேட்காதீர்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: இன்ஜினில் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற சாக்கெட் வாங்கினேன், பிளக்கில் சேரவில்லை. நாகர்கோவிலில் எத்தனையோ வருடம் கிரீஸ் கையோடு சோறு தின்றவன் என்பதால் இந்தப் புலம்பல் எனக்குப் புதிதில்லை. சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

என் காருக்கு 14 எம்.எம். பிளக் என்று கடையில் சொல்லித்தான் கொடுத்தார்கள். அதே அளவில் டீப் சாக்கெட் வாங்கி வந்தால் பிளக்கின் தலையிலேயே ஏறவில்லை. பிளக் தப்பா, சாக்கெட் தப்பா? (மார்த்தாண்டம்)

இரண்டும் சரி, நீங்கள் கேட்ட விதம்தான் தப்பு. பிளக்கைப் பற்றிப் பேசும்போது சொல்லும் 14 என்பது மரையின் விட்டம், அதாவது இன்ஜின் ஹெட்டுக்குள் திருகி இறங்கும் பகுதியின் அளவு. சாக்கெட் பிடிப்பது அதை அல்ல, அதற்கு மேலே இருக்கும் ஆறு பட்டையை. ஒரே 14 மரை பிளக்கிலேயே பழைய வகைக்கு எதிரெதிர் பட்டைக்கு நடுவே 20.8 எம்.எம். இருக்கும், அதற்கு 21 சாக்கெட். பிறகு வந்த வகையில் மரை அதே 14, பட்டை மட்டும் 16. ஹெட்டுக்குள் வால்வுக்கும் தண்ணீர் ஓடும் வழிக்கும் இடம் வேண்டும் என்பதால் பிளக் இறங்கும் குழியை ஒடுக்கிக்கொண்டே வந்தார்கள், பட்டையும் கூடவே சிறுத்தது. இன்னும் புதிய சில இன்ஜின்களில் பட்டை 14 எம்.எம்., அதுவும் ஆறு முனை இல்லை, பன்னிரண்டு முனை. அதற்கு ஆறு முனை சாக்கெட் ஏறவே ஏறாது, பன்னிரண்டு முனை உள்ள 14 தான் வேண்டும். சாதாரண ஆறு பட்டை பிளக்குக்கோ ஆறு முனை சாக்கெட்தான் நல்லது, பன்னிரண்டு முனையும் ஏறும், ஆனால் பிளக் இறுகிப்போயிருந்தால் முனையை வழித்துவிடும்.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் உங்கள் வண்டிக்குரிய புது பிளக்கை வாங்குங்கள், அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டூல்ஸ் கடைக்குப் போங்கள், கடைக்காரர் முன்னாலேயே சாக்கெட்டை அதில் மாட்டிப் பாருங்கள். ஆட்டிப் பார்த்தால் லேசான அசைவு இருக்கலாம், சுற்றினால் நழுவக் கூடாது. வெர்னியர் காலிப்பர் (நுட்பமாக அளக்கும் கருவி) இருந்தால் பட்டைக்குப் பட்டை வைத்து அளந்துவிடுங்கள், அரை நிமிட வேலை. சில செட்டுகளில் இஞ்சில் அடித்திருக்கும். 13/16 என்றால் நம் 21 செய்கிற வேலை, 5/8 என்றால் 16 செய்கிற வேலை. 16 கிடைக்கவில்லை, 17-ஐ வைத்து ஒப்பேற்றலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். முதல் தடவை கழன்றுகூட வரும், இரண்டாம் தடவை பட்டை உருண்டையாகியிருக்கும், அப்புறம் அந்தக் குழிக்குள் எந்தச் சாமானும் பிடிக்காது.

அப்பா வைத்திருக்கும் பழைய மாருதி 800, நான் ஓட்டும் ஆறு வருடக் கார், இரண்டுக்கும் ஒரே சாக்கெட் போதுமா? (குலசேகரம்)

போதாது. 800-க்கு 21. உங்கள் காருக்குப் பெரும்பாலும் 16, புது பிளக்கை மாட்டிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். 800-இல் பிளக் வெளியே தெரிகிற மாதிரி இருக்கும், பைப் ஸ்பேனரும் அதைச் சுற்ற ஒரு டாமிக் கம்பியும் இருந்தால் முடிந்தது. ஆனால் பிளக் ஒயர்களை மூன்றையும் ஒரேயடியாகப் பிடுங்கி வைத்துவிட்டு எது எங்கே என்று முழிக்காதீர்கள், ஒன்று கழற்றி ஒன்று மாட்டுங்கள். உங்கள் காரில் ஒவ்வொரு பிளக்குக்கும் தலைக்கு மேல் அதற்கு மின்சாரம் கொடுக்கும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கும். அதன் போல்ட் பெரும்பாலும் 10 நம்பர் சாக்கெட்டுக்கு வரும். காயிலை எடுத்தால் கீழே ஆழமான குழி, அடியில் பிளக். அதற்குச் சாக்கெட்டை நீட்டிக்கும் நீளமான எக்ஸ்டென்ஷன் கம்பி கட்டாயம். சாக்கெட்டின் வெளிச்சுற்றையும் கவனியுங்கள்: இம்பாக்ட் சாக்கெட் என்று கறுப்பாகத் தடியாக விற்பார்களே, அது உள்ளளவு சரியாக இருந்தாலும் குழிக்குள் இறங்காது.

வள்ளத்தில் போட்டிருக்கும் பழைய அவுட்போர்டு மோட்டார். பிளக் அசையவே மாட்டேன் என்கிறது. சாக்கெட் சரியாகத்தான் உட்காருகிறது. பைப்பை மாட்டி நீட்டி இழுக்கலாமா? (குளச்சல்)

வேண்டாம், பைப்பைக் கீழே வையுங்கள். பழைய இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டுகளில் பெரும்பாலும் என்ஜிகே கம்பெனியின் பி7எச்எஸ், பி8எச்எஸ் மாதிரி பிளக்குகள்தான் வரும், அவற்றுக்கு 21 சாக்கெட், அளவில் உங்களுக்குச் சந்தேகம் இல்லை. இங்கே எதிரி உப்பு. ஹெட் அலுமினியம், பிளக்கின் உடல் இரும்பு, நடுவில் உப்புத்தண்ணீர். இந்த மூன்றும் சேர்ந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி மரைக்குள் அடைத்துக்கொள்ளும். பைப் மாட்டி இழுத்தால் இரண்டில் ஒன்று நடக்கும்: பிளக் கழுத்தோடு ஒடியும், இல்லாவிட்டால் ஹெட்டின் மரையைச் சுருளாக உரித்துக்கொண்டு வெளியே வரும்.

சாயங்காலம் கரைக்கு வந்ததும் பிளக்கின் அடியைச் சுற்றி நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்துவிட்டு, துரு இளக்கும் எண்ணெயை வாஷர் ஓரமாக விடுங்கள். ராத்திரி கிடக்கட்டும், காலையில் இன்னொரு தடவை விடுங்கள். பிறகு சாக்கெட்டை நேராக வைத்து, இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை, கழற்றுகிற பக்கம் கால் சுற்று, மறுபடி இறுக்குகிற பக்கம். கிரீச்சென்று சத்தம் வந்தால் நிறுத்துங்கள், எண்ணெய் விடுங்கள், ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். நான் இப்படி ஒரு பிளக்கோடு ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டியிருக்கிறேன், கடைசியில் விரலால் சுற்றியே எடுத்தேன்.

ஒன்று மட்டும்: புதிதாகப் போடும்போது அதே கடைசி எழுத்துகள் உள்ள பிளக்கையே போடுங்கள். என்ஜிகே பிளக்கில் எண்ணுக்குப் பின்னால் எச் என்றால் மரையின் நீளம் 12.7 எம்.எம்., இ என்றால் 19. விட்டமும் பட்டையும் ஒன்றாக இருப்பதால் சாக்கெட் இரண்டிலும் ஏறும், திருகினால் உள்ளேயும் போகும், ஆனால் நீளமானது பிஸ்டனில் போய் முட்டக்கூடும்.

சாக்கெட் பிளக்கோடு குழிக்குள்ளேயே நின்றுவிட்டது, எக்ஸ்டென்ஷன் மட்டும் கையோடு வந்தது! (வடசேரி)

இதற்குச் சிரிக்க மாட்டேன், எனக்கும் நடந்தது. ஒரு வாடிக்கையாளர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, குழிக்குள் டார்ச் அடித்துக்கொண்டு நான் நின்ற கோலம் இன்னும் மறக்கவில்லை. பிளக் சாக்கெட்டுக்குள் இருக்கும் ரப்பர் வளையம் பிளக்கின் மேல்பக்கப் பீங்கானை நன்றாகக் கவ்விக்கொள்ளும். எக்ஸ்டென்ஷன் முனையில் இருக்கும் சின்னக் குண்டு அந்த அளவுக்குக் கவ்வாது. எக்ஸ்டென்ஷனைத் திரும்ப இறக்கி, குண்டு டக்கென்று விழும்வரை அழுத்தி, சுற்றிக்கொண்டே மேலே இழுங்கள், பக்கவாட்டில் சாய்க்காதீர்கள். பிளக் இன்னும் மரையில் இருந்தால் முதலில் முழுக்கக் கழற்றிவிட்டு இழுங்கள். அடுத்த தடவை சாக்கெட்டும் எக்ஸ்டென்ஷனும் சேரும் இடத்தில் இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்று சுற்றிவிட்டு இறக்குங்கள். ரப்பருக்குப் பதில் காந்தம் வைத்த சாக்கெட்டும் கிடைக்கிறது, எனக்கு இப்போது அதுதான் பிடிக்கிறது.

டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இல்லாமல் எவ்வளவு இறுக்குவது? (தக்கலை)

வாஷர் உள்ள 14 மரை பிளக், அலுமினிய ஹெட் என்றால் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மரைக்கு 15 முதல் 20, 10 மரைக்கு 10 முதல் 12. ரெஞ்ச் இல்லை என்றால் கையால் வாஷர் முட்டும்வரை இறக்குங்கள், அப்புறம் புது பிளக் என்றால் அரைச் சுற்று, கொஞ்சம் கூடினால் மூன்றில் இரண்டு. வாஷர் நசுங்குவதைக் கை உணரும். ஏற்கனவே போட்டுக் கழற்றிய பிளக் என்றால் வாஷர் நசுங்கித்தான் இருக்கும், பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்று போதும். கடிகாரத்தின் சின்ன முள் ஒரு மணி நேரத்தில் நகரும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியம் தொடக்கம். ராட்செட்டை (சாக்கெட்டைச் சுற்றும் கைப்பிடியை) மாட்டி முதல் சுற்றைச் சுற்றாதீர்கள், மரை கோணலாகக் கடித்தாலும் கைக்குத் தெரியாது. பெட்ரோல் ஹோஸ் ஒரு சாண் நீளம் எடுத்து, பிளக்கின் மேல்முனையில் செருகி, அதைப் பிடித்துக் குழிக்குள் இறக்கி விரலால் சுற்றுங்கள். மரை சரியாகப் பிடித்தால் பிளக் தானாக இறங்கும், கோணினால் ஹோஸ் வழுக்கிச் சுற்றும், ஹெட் தப்பிக்கும். மரையில் கிரீஸ் தடவும் பழக்கமும் வேண்டாம். வழுக்குவதால் சொன்ன அளவைவிட அதிகமாக இறுகிவிடும். எல்லாம் இன்ஜின் ஆறிய பிறகு.

பைக் டூல் கிட்டில் வந்த பிளக் ஸ்பேனர் காருக்கு ஆகுமா? (கருங்கல்)

பல பைக்குகளில் 16 தான், ஆகவே பட்டை சேரலாம். ஆனால் ஆழம் எட்டாது, தகடும் மெலிசு, காரின் பிளக்கில் வாய் விரிந்துவிடும். அவசரத்துக்குக்கூட நான் பரிந்துரைக்க மாட்டேன்.

என் வண்டி டீசல். ஸ்பார்க் பிளக்குக்கு எந்த அளவு? (அருமனை)

உங்கள் வண்டியில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. காற்றை அமுக்கும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். குளோ பிளக் இருக்கும், அது ஸ்டார்ட் செய்ய உள்ளே சூடேற்றும் வேறு சாமான், அதன் பட்டை 8, 10, 12 என்று சின்னதாக வரும், எளிதில் ஒடியும். அதை மட்டும் ஒர்க் ஷாப்பில் விடுங்கள்.

பிளக்கைக் கழற்றியபோது குழிக்குள் தண்ணீர், பீங்கானில் இரும்புக்கு மேலே பழுப்பு வளையம். கேஸ் கசிகிறதா? (பேச்சிப்பாறை)

பழுப்பு வளையத்துக்குப் பயப்பட வேண்டாம், அதிக வோல்டேஜில் காற்றில் மிதக்கும் எண்ணெய்த் துகள் ஒட்டிப் படிவது அது. தண்ணீர்தான் கவலை. இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டம் இது, மலையடிவாரத்தில் கேட்கவே வேண்டாம். காயிலின் அடியில் இருக்கும் ரப்பர் சீல் வெடித்திருக்கும், அல்லது யாரோ பானெட்டைத் திறந்து பிரஷர் அடித்துக் கழுவியிருப்பார்கள். அடுத்த முறை பிளக்கைக் கழற்றும் முன் குழியில் காற்றடித்துத் தண்ணீரையும் மண்ணையும் வெளியேற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பிளக் வெளியே வந்த அடுத்த நொடி அத்தனையும் சிலிண்டருக்குள்தான் விழும்.