பெங்களூரில் வேலை தேடுகிறேன். லிங்க்ட்இன் ப்ரொஃபைல் இருந்தும் ரெக்ரூட்டர்கள் கூப்பிடுவதே இல்லை, ஏன்?

முதலில் லொகேஷனைப் பாருங்கள். பெங்களூரு மடிவாளாவில் பிஜி விடுதியில் தங்கிக்கொண்டு ப்ரொஃபைலில் இன்னும் மதுரை என்றே இருந்தால், பெங்களூரு என்று வடிகட்டித் தேடுபவர் கண்ணில் படமாட்டீர்கள்.

அடுத்தது ஹெட்லைன், அதாவது உங்கள் பெயருக்குக் கீழே வரும் வரி. 220 எழுத்து இடத்தில் 'வேலை தேடுகிறேன்' என்று போடுவது வீண். அதை யார் தேடப்போகிறார்கள்? 'ஜாவா டெவலப்பர், ஸ்ப்ரிங் பூட், 3 ஆண்டு' என்று வேலைப் பெயரும் கருவியும் வரட்டும். உங்களைப் பற்றி எழுதும் 'அபவுட்' பகுதி 2,600 எழுத்து வரை போகும், ஆனால் திறக்காமல் தெரிவது முதல் சில வரிதான். சரக்கை அங்கேயே வையுங்கள். அனுபவத்தில் 'பொறுப்பு வகித்தேன்' வேண்டாம். எதைச் செய்து எவ்வளவு நேரம் குறைத்தீர்கள் என்பதை எண்ணோடு எழுதுங்கள்.

இப்போது வேலையில் இருப்பவரா? வேலை தேடுவதைத் தெரிவிக்கும் 'ஓப்பன் டு வொர்க்' வசதியை ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் காட்டுங்கள். எல்லோருக்கும் காட்டி, ப்ரொஃபைல் படத்தில் பச்சை வளையம் போட்டால் மேனேஜருக்கும் தெரியும். ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் காட்டினாலும் முழு ரகசியத்துக்கு லிங்க்ட்இன் உத்தரவாதம் தருவதில்லை.