பணம் கேட்கும் முகாமும் பள்ளியின் மாணவர் படையும்

கேள்வி: ஏற்காடு மலையில் ஒரு காபித் தோட்டத்தில் மேஸ்திரியாக வேலை செய்கிறேன். என் மகள் அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். இலக்கிய மன்றத்தில் இருக்கிறாள். அவள் பள்ளியில் என்.சி.சி. (தேசிய மாணவர் படை), சாரணியர் இயக்கம், இளம் செஞ்சிலுவைச் சங்கம், பசுமைப் படை ஆகியவையும் உண்டு. சேலத்திலிருந்து வந்த ஒருவர், 4,500 ரூபாய் கட்டினால் நான்கு நாள் ‘தேசிய மாணவர் பயிற்சி முகாம்’ நடத்திச் சான்றிதழ் தருவதாகவும், அதற்கு மருத்துவம், பொறியியல் சேர்க்கையில் கூடுதல் மதிப்பெண் உண்டு என்றும் சொல்கிறார். 500 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். மகளை அனுப்பலாமா?

பதில்: அனுப்ப வேண்டாம். மீதிப் பணத்தையும் கட்ட வேண்டாம்.

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வின் தரவரிசை, பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என மொத்தம் 200 மதிப்பெண்ணுக்குக் கணக்கிடப்படுகிறது. மருத்துவத்துக்கு நீட் மதிப்பெண். இந்த இரண்டு கணக்கிலும் எந்த மன்றத்தின் சான்றிதழுக்கும் அரை மதிப்பெண்கூட இடமில்லை. பள்ளியில் முறையாக நடக்கும் என்.சி.சி.யின் சான்றிதழுக்கே அங்கு இடமில்லாதபோது, சேலத்திலிருந்து வந்தவர் அச்சடித்துத் தரும் தாளுக்கு எங்கிருந்து மதிப்பெண் வரும்? இந்த ஆசையைக் காட்டித்தான் ‘தேசிய அளவிலான’ போட்டிகளும், ‘உலக சாதனை’ நிகழ்ச்சிகளும், பளபளக்கும் பதக்கங்களும் பெற்றோரிடம் விற்கப்படுகின்றன. நான் ஆசிரியராக இருந்த காலத்தில், தங்க முத்திரை பதித்த இத்தகைய சான்றிதழ்கள் ஏழினைக் கண்ணாடி உறையில் போட்டுக் கல்லூரிச் சேர்க்கைக்கு எடுத்துச் சென்ற ஒரு மாணவனுடன் நானும் போயிருந்தேன். அலுவலர் அவற்றைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் ஓரமாக வைத்துவிட்டு மாற்றுச் சான்றிதழைக் கேட்டார். அந்த ஏழுக்குமாக அவன் தந்தை செலவிட்ட தொகை, அவனுடைய முதலாண்டுக் கட்டணத்தைவிட அதிகம்.

பணம் போவது சிறிய இழப்புதான். 2024 ஆகஸ்டில், நமக்கு அதிகத் தொலைவில் இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தனியார் பள்ளி ஒன்றில் என்.சி.சி. என்ற பெயரில் ஒருவர் நடத்திய போலி முகாமில் மாணவிகள் பாலியல் கொடுமைக்கு உள்ளானார்கள். அந்தப் பள்ளிக்கு என்.சி.சி. பிரிவே ஒதுக்கப்படவில்லை என்பதும், அந்த ஆளுக்கும் அமைப்புக்கும் தொடர்பில்லை என்பதும் பிறகுதான் வெளியே வந்தன. பிரிவு உண்டா இல்லையா என்று முகாமுக்கு முன்பே யாராவது ஒருவர் கேட்டிருந்தால் போதும். அதைக் கேட்க வேண்டிய கல்வி நிர்வாகம், மன்றங்களின் புகைப்படங்களைப் பதிவேற்றினார்களா என்று கணக்குக் கேட்பதிலேயே பொழுதைக் கழித்துக்கொண்டிருக்கிறது. ஆகையால் அந்தக் கேள்வியை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

எப்படிக் கேட்பது என்று சொல்கிறேன். முறையான என்.சி.சி. பிரிவு ஏதாவது ஒரு பட்டாலியனின், அதாவது பல பள்ளி, கல்லூரிப் பிரிவுகளைக் கவனிக்கும் என்.சி.சி. படைப்பிரிவின், கீழ்தான் இருக்கும்; எந்தப் பட்டாலியன் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். பிரிவின் பொறுப்பாளர் அதே பள்ளியின் ஆசிரியராக இருப்பார். ஆண் ஆசிரியர் என்றால் நாக்பூர் அருகிலுள்ள காம்ப்டியிலும், பெண் ஆசிரியர் என்றால் குவாலியரிலும் அவருக்குப் பயிற்சி தரப்பட்டிருக்கும். அணிவகுப்பு கற்றுத்தர வருபவர்கள் பட்டாலியனிலிருந்து அனுப்பப்படும் படையினர். முகாமுக்கான ஆணை பட்டாலியனிலிருந்து பள்ளிக்கு எழுத்தில் வரும். பெற்றோரின் ஒப்புதல் கடிதமும் வாங்கப்படும். சீருடை அணிந்து வந்து, மிடுக்காக நின்று, பெற்றோரிடம் நேரே பணம் கேட்பவர் எவராக இருந்தாலும் அவர் இந்த வரிசையில் எங்கும் இல்லை. சீருடைத் துணி கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது.

இனி உங்கள் பள்ளியில் உள்ள என்.சி.சி. பற்றி. எட்டாம் வகுப்பு அதில் சேரச் சரியான காலம். பள்ளிப் பிரிவின் பயிற்சி இரண்டு ஆண்டுகள். இப்போது சேர்ந்தால் ஒன்பதாம் வகுப்பில் ‘ஏ’ சான்றிதழ்த் தேர்வு எழுதிவிடலாம், பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்குத் தொல்லை இருக்காது. அணிவகுப்புகளில் முக்கால் பங்குக்குக் குறையாமல் வந்திருக்க வேண்டும், ஒரு முகாமிலும் கலந்துகொண்டிருக்க வேண்டும். நான்கு நாளில் முடியும் காரியம் அல்ல இது. உங்களைப் போல மலையில் இருப்பவர்களுக்கு இந்த முக்கால் பங்கு என்பதே பெரிய கண்டம். அணிவகுப்பு பள்ளி நேரத்துக்குப் பின்னா, சனிக்கிழமையிலா, முடிந்தபின் உங்கள் தோட்டத்துப் பக்கம் பேருந்து உண்டா, மூடுபனி இறங்கும் மாதங்களில் என்ன செய்வது என்பவற்றை விசாரித்த பிறகு சேருங்கள். பாதியில் விட்டால் கையில் எதுவும் மிஞ்சாது.

மதிப்பெண் இல்லை என்று சொன்னேன். ஆனால் கல்லூரிச் சேர்க்கையில் ஓர் இடத்தில் இந்த ‘ஏ’ சான்றிதழுக்கு மதிப்பு உண்டு; அதைப் பலரும் அறியாததால் விரிவாகவே சொல்கிறேன். அரசு கலை அறிவியல் கல்லூரிகளில், பொதுக் கலந்தாய்வுக்கு முன்னதாகச் சிறப்புப் பிரிவினருக்கான கலந்தாய்வு நடைபெறும். மாற்றுத்திறனாளிகள், விளையாட்டு வீரர்கள், முன்னாள் படைவீரரின் பிள்ளைகள் ஆகியோருடன், ‘ஏ’ சான்றிதழ் பெற்ற மாணவர்களும் அப்போது அழைக்கப்படுகிறார்கள். இது கூடுதல் மதிப்பெண் அன்று. குறைந்த எண்ணிக்கையிலான இடங்களுக்கு, அதே சான்றிதழ் உள்ளவர்களோடு மட்டும் போட்டியிடும் வாய்ப்பு. உங்கள் மகள் நாளை சேலம் அரசு கலைக் கல்லூரியில் ஆங்கிலமோ வணிகவியலோ படிக்க விரும்பி, மதிப்பெண் சற்றுக் குறைந்திருந்தால், இது கைகொடுக்கக்கூடும். ஆனால் விண்ணப்பிக்கும்போதே சிறப்புப் பிரிவு என்று குறிப்பிட வேண்டும், மூலச் சான்றிதழைக் கொண்டுபோக வேண்டும், அதிலுள்ள பெயரும் முன்னெழுத்தும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஓர் இடத்தில் ‘மு’ என்றும் இன்னோர் இடத்தில் ‘எம்’ என்றும் முன்னெழுத்து மாறிக்கிடந்ததற்காக மேசைக்கு மேசை அலைந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆகவே சேர்க்கைப் படிவத்தைப் பள்ளிப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களே நிரப்புங்கள்.

சாரணியர் இயக்கமும் நல்லதுதான்; ஆனால் அதில் படிப்படியாக ஏறித்தான் ஆளுநர் விருதுக்கான நிலையை அடைய முடியும், நடுவில் ஒரு படியைத் தாண்ட வழியில்லை. செஞ்சிலுவைச் சங்கத்தில் முதலுதவி கற்றுக்கொள்ளலாம். பசுமைப் படையைப் பொறுத்தவரை, ஏற்காட்டிலேயே இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் பூங்கா இருக்கும்போது, பிள்ளைகளை அங்கே அழைத்துப்போகாமல், போன ஆண்டு கன்று பட்டுப்போன குழியிலேயே இந்த ஆண்டும் ஒரு கன்றை வைத்துப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். ஒரே ஆசிரியர் தலையில் நான்கு மன்றங்களைக் கட்டிவிட்டு, மன்றப் பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிட்டால் அவரும் என்னதான் செய்வார்?

இலக்கிய மன்றத்தை மட்டும் விடச் சொல்லாதீர்கள். அண்ணா, பெரியார், காந்தி, நேரு முதலிய தலைவர்களின் பிறந்த நாளையொட்டித் தமிழ் வளர்ச்சித் துறை மாவட்ட அளவில் மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டி நடத்துகிறது. முதல் பரிசு 5,000, இரண்டாம் பரிசு 3,000, மூன்றாம் பரிசு 2,000 ரூபாய். அங்கே பிள்ளைக்குத்தான் பணம் கொடுக்கிறார்கள், பிள்ளையிடம் வாங்குவதில்லை. சேலத்தில் போட்டி அறிவிக்கப்படும்போது பெயரைப் பரிந்துரைக்குமாறு தமிழாசிரியரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

500 ரூபாய்க்கு ரசீது கொடுத்தாரா என்று பாருங்கள். கொடுத்திருந்தால் அதன் நகலையும், இல்லையென்றால் அவர் பேசிய தொலைபேசி எண்ணையும் இணைத்துத் தலைமையாசிரியருக்கு எழுத்தில் ஒரு மனு கொடுங்கள். உங்கள் தோட்டத்தில் வேறு யாரேனும் கொடுத்திருந்தால் அவர்களும் கையெழுத்திடட்டும். பெண் பிள்ளைகளைத் தனியே எங்காவது அழைத்துப்போகிறார் என்று தெரிந்தால் காத்திருக்காமல் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். மீதி 4,000-ஐக் கட்டினால்தான் முன்பணமாவது செல்லும் என்று அவர் சொல்லக்கூடும். அந்த 500 போனால் போகட்டும்.