சங்கத்து சார் வகுப்புக்கு வராத நாளில்

கேள்வி: என் மகள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் இரண்டே ஆசிரியர்கள். அதில் ஒருவர் ஆசிரியர் சங்கத்தின் பொறுப்பாளர். மாதத்தில் இரண்டு மூன்று நாள் வருவதில்லை. கேட்டால் 'சங்க வேலை' என்கிறார்கள். கை நிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டு இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும் என்று கேட்பதைத் தவிர இந்தச் சங்கத் தலைவர்கள் என்னதான் செய்கிறார்கள்?
– ஒரு தந்தை, விருத்தாசலம் வட்டம்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. சார் வராத நாளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பாடம் இல்லாமல் உட்கார்ந்திருந்தால் அது தவறுதான். சங்கப் பொறுப்பு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் முறையாக விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அவர் விடுப்பில் போனாரா, சும்மா போனாரா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பள்ளி மேலாண்மைக் குழு அதற்காகத்தான் இருக்கிறது. அதன் உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர்களாக இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டம். அங்கே போய்க் கேளுங்கள். தயங்க வேண்டாம்.

ஆனால் "என்னதான் செய்கிறார்கள்" என்று கேட்டீர்களே, அதற்கு நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

இருபது வருடத்துக்கு முன்னால், செய்தி சேகரிக்கப் போன ஒரு சிறு ஊரில், கல்வி அலுவலக வராந்தாவில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். கணவர் தொடக்கப் பள்ளி ஆசிரியர். பணியில் இருக்கும்போதே இறந்துவிட்டார். இரண்டு வருடமாகியும் குடும்ப ஓய்வூதியம் வரவில்லை. காரணம், அவருடைய பணிப்பதிவேட்டில் நடுவில் பதினொரு மாதத்துக்குப் பணி சரிபார்ப்புக் கையெழுத்து இல்லை. அந்தக் கையெழுத்தைப் போட வேண்டிய அதிகாரி எப்போதோ ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அலுவலகத்தில் ஒவ்வொரு முறையும் "அடுத்த வாரம் வாங்கம்மா" என்றுதான் பதில்.

சங்கத்தின் வட்டாரச் செயலாளர் ஒருவர், அவரும் ஆசிரியர்தான், ஒரு மொபெட்டில் வந்து இறங்கினார். கையில் மஞ்சள் துணிப்பை. இறந்தவர் அந்தப் பதினொரு மாதம் வேலை பார்த்த பள்ளியைத் தேடிப் போய், பீரோவின் அடித்தட்டில் கிடந்த அக்விட்டன்ஸ் பதிவேட்டைக் கண்டுபிடித்து, சம்பளம் வாங்கிய கையெழுத்துப் பக்கங்களையெல்லாம் நகல் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். கரையான் அரித்த ஓரங்கள் நகலிலும் தெரிந்தன. அதைக் கண்காணிப்பாளர் மேசையில் வைத்து, "சார், ஆள் வேலை பார்க்காமலா சம்பளம் வாங்கியிருக்கார்? இதை வெச்சு சரிபார்ப்பு போடுங்க. நான் இங்கேயேதான் இருக்கேன்" என்றார். சாயங்காலம் வரைக்கும் நகரவே இல்லை. கோப்பு அன்றைக்கே மேலே போனது. அதற்காக அவர் எடுத்தது தற்செயல் விடுப்பு. வருடத்துக்கு இருக்கும் பன்னிரண்டில் ஒன்று.

இந்த வேலை எந்தப் பத்திரிகையிலும் வராது. நானும் அன்றைக்கு எழுதவில்லை, அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஊக்க ஊதியம், தணிக்கைத் தடை, வருங்கால வைப்பு நிதி முன்பணம், மகப்பேறு விடுப்பில் போனவரின் சம்பளப் பட்டியல் என்று வட்டாரச் செயலாளரின் பைக்குள் இருப்பதெல்லாம் இப்படித் தனித்தனி மனிதர்களின் காகிதங்கள். உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு ஒருவரை வட்டாரத்துக்கும், அப்புறம் மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் அனுப்புவது பெரும்பாலும் இந்தப் பையைப் பார்த்துத்தான்.

சரி, போராட்டத்துக்கு வருவோம். ஏன் இவர்கள் எதற்கெடுத்தாலும் தெருவுக்கு வருகிறார்கள் என்று பலரும் கேட்கிறார்கள். வேறு எங்கே போவது? தொழிற்சாலைத் தொழிலாளிக்குத் தொழில் தகராறுச் சட்டம் இருந்தது, தொழிலாளர் நீதிமன்றம் இருந்தது; 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்குத் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்தது. கோவாவில் வேலை இழந்த ஆசிரியை சுந்தராம்பாள் தொடுத்த வழக்கில், ஆசிரியர் அந்தப் பழைய சட்டப்படி தொழிலாளி ஆக மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 1988இல் சொல்லிவிட்டது. சட்டமன்ற மேலவை இருந்த காலத்தில் ஆசிரியர் தொகுதி என்று ஒன்று இருந்தது. உயர்நிலைப் பள்ளியிலிருந்து மேலே பாடம் நடத்துபவர்கள் ஓட்டுப் போட்டுத் தங்கள் ஆளை அனுப்பினார்கள். தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு அப்போதும் அந்த ஓட்டு கிடையாது. உத்தரப் பிரதேசம், பீகார், மகாராஷ்டிரம், கர்நாடகத்தில் அந்தத் தொகுதி இன்றும் உண்டு. தமிழ்நாட்டில் 1986 நவம்பரில் மேலவையே கலைந்தது, அதோடு அந்த வாசலும் மூடியது.

மிச்சமிருந்த வேலைநிறுத்தம் என்ன ஆயிற்று? 2003 ஏப்ரல் 1 முதல் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது, மாதச் சம்பளத்தில் 10 சதவீதம் பிடிக்கும் பங்களிப்புத் திட்டம்தான் என்றது அரசு. பறிக்கப்பட்ட சலுகைகளைத் திரும்பக் கேட்டு அந்த ஜூலை 2ஆம் தேதி ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தலைவர்களை ராத்திரியில் வீடு புகுந்து கைது செய்தார்கள். டெஸ்மா என்ற அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தை அவசரமாகத் திருத்தி, விசாரணையே இல்லாமல் ஏறக்குறைய 1 லட்சத்து 70 ஆயிரம் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்த பிறகுதான் பெரும்பாலானவர்களுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஆகஸ்ட் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமை இல்லை, சட்ட உரிமை இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. முதல் இரண்டும் சட்டம் பற்றியது. நீதிபதிகள் சொன்னால் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். தார்மீகத்தைப் பற்றிச் சொன்னதை நான் அன்றும் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. வயதான காலத்தில் ஒரு மனிதன் எதை நம்பி வாழ்வான் என்று கேட்பது தார்மீகக் கேள்வி இல்லையென்றால் வேறு எது?

2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ மறுபடி அதே கேள்வியோடு இறங்கியது. கைது, பணியிடை நீக்கம், ஒழுங்கு நடவடிக்கை விதி 17பியின் கீழ் குற்றச்சாட்டு எல்லாம் வந்தன. பொறுப்பாளர்கள்தான் முதலில் மாட்டினார்கள். 17பி நிலுவையில் இருந்தால் பதவி உயர்வு வராது, ஓய்வு பெறும் நாளில்கூட நிம்மதியாக வீட்டுக்குப் போக முடியாது. இரண்டு வருடம் கழித்து அரசு நடவடிக்கைகளைத் திரும்பப் பெற்றது. 2026 ஜனவரியில் கடைசி ஊதியத்தில் பாதியை ஓய்வூதியமாக உறுதி செய்யும் திட்டம் அறிவிக்கப்பட்டது. 10 சதவீதப் பிடித்தம் அதிலும் உண்டு. இந்த இடத்துக்கு வந்து சேர ஏறக்குறைய 23 வருடம். நடுவில் எத்தனையோ பேர் கையில் ஓய்வூதியம் இல்லாமலே ஓய்வு பெற்றுப் போனார்கள்.

"கை நிறையச் சம்பளம்" என்றீர்கள். மூத்த ஆசிரியர்களுக்கு அது பொருந்தும், மறுக்கவில்லை. ஆனால் ஒரே தொடக்கப் பள்ளியில், ஒரே படிப்பு படித்து, ஒரே வேலை செய்யும் இரண்டு இடைநிலை ஆசிரியர்களைப் பாருங்கள். 2009 மே 31க்குள் சேர்ந்தவருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். மறுநாள் சேர்ந்தவருக்கு 5,200. ஒரு ராத்திரிக்கு 3,170 ரூபாய். அடுத்த ஊதியக் குழு எல்லாவற்றையும் 2.57ஆல் பெருக்கியபோது இந்த இடைவெளியும் சேர்ந்தே பெருகி 8,000 ரூபாயைத் தாண்டியது. சுமார் 20,000 பேர் இந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டவர்கள். பள்ளிக் கல்வித் துறையின் தலைமையகமான நுங்கம்பாக்கம் டி.பி.ஐ. வளாகத்தில் கைக்குழந்தையோடு ஆசிரியைகள் உண்ணாவிரதம் இருந்தது இதற்காகத்தான். இன்னும் வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. பக்கத்து வகுப்பு டீச்சருக்குக் கொடுப்பதைக் கொடுங்கள் என்றார்கள்.

243ஆம் எண் அரசாணையும் இப்படித்தான். 2023 டிசம்பரில் வந்தது. அதுவரை தொடக்கக் கல்வியில் பதவி உயர்வுக்கான முன்னுரிமை ஒன்றிய அளவில் இருந்தது. அதாவது பண்ருட்டி ஒன்றியத்தில் வேலை பார்ப்பவர் அந்த ஒன்றியத்திலேயே தலைமை ஆசிரியர் ஆகலாம். அரசாணை அதை மாநில அளவுக்கு மாற்றியது. தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் பெண்கள். பதவி உயர்வு வேண்டுமானால் பிள்ளைகளையும் வயதான மாமியாரையும் விட்டுவிட்டு வேறு மாவட்டத்துக்குப் போக வேண்டும், இல்லையென்றால் பதவி உயர்வே வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தொடக்கப் பள்ளி ஆசிரியர் சங்கங்களின் கூட்டு அமைப்பான டிட்டோஜாக்கின் தலைவர்கள் இதற்காகத் திரும்பத் திரும்ப முற்றுகையிட்டு போலீஸ் வேனில் ஏறினார்கள். இதில் பணக் கோரிக்கை எங்கே இருக்கிறது?

ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) விஷயம் இன்னும் சூடாக இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் 2025 செப்டம்பர் 1 தீர்ப்புப்படி, ஓய்வு பெற ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள், அந்தத் தேர்வே இல்லாத காலத்தில் வேலைக்கு வந்தவர்கள் உட்பட, இரண்டு வருடத்துக்குள் தேர்ச்சி பெற வேண்டும். 1999இல் சேர்ந்த ஆசிரியை இன்று பாடம் நடத்திக்கொண்டே ராத்திரியில் குழந்தை உளவியல் படிக்கிறார். நல்ல ஆசிரியர் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 25 வருடம் வகுப்பில் நின்றவரின் வேலையை ஒரு தாளில் முடிவு செய்வது கொடுமை. இதை அரசிடமும் நீதிமன்றத்திடமும் எடுத்துச் சொல்ல அந்த ஆசிரியை தனி ஆளாகப் போக முடியுமா?

இவ்வளவு சொன்ன நான், தலைவர்களிடம் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். சங்கங்கள் அளவுக்கு மேல் உடைந்திருக்கின்றன. ஒரே கோரிக்கைக்கு நாலு பேனர், நாலு தேதி. ஓய்வு பெற்ற பிறகும் நாற்காலியை விடாதவர்கள் இருக்கிறார்கள். மேடையில் பெண்கள் ஓரத்து நாற்காலியில்தான். எனக்குப் பெரிய மனக்குறை பகுதிநேர ஆசிரியர்கள் விஷயத்தில். 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி கற்பிக்க 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். பத்து வருடத்துக்கு மேல் ஆகியும், 2024இல் 12,500 ரூபாய்க்குத்தான் வந்தது. மே மாதம் சம்பளமே கிடையாது என்றுதான் பல வருடம் இருந்தது. பெரிய சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் இவர்களுக்கு ஒரு வரி இருக்கும், கடைசியில். அந்த வரிக்காக ஒரு நாளாவது தனியாகத் தெருவுக்கு வந்தீர்களா என்று தலைவர்களை நான் நேரிலேயே கேட்டிருக்கிறேன். தனியார் பள்ளி ஆசிரியர்களோ அந்தப் பட்டியலிலேயே இல்லை. 2020இல் பள்ளிகள் மூடியபோது சம்பளம் நின்றுபோய்க் காய்கறி விற்றவர்கள் அவர்கள். அவர்களும் ஆசிரியர்கள்தானே?

மறுபடி உங்கள் ஊர்ப் பள்ளிக்கு வருகிறேன். ஒரு சார் விடுப்பு எடுத்தால் உங்கள் மகளின் வகுப்பு ஏன் காலியாகிறது? மிச்சமிருக்கும் ஒரே டீச்சர் ஒன்றிலிருந்து ஐந்து வரை எல்லா வகுப்பையும் பார்க்க வேண்டியிருப்பதால். 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை. வகுப்பு ஐந்து, ஆசிரியர் இரண்டு! அந்த சார் காய்ச்சலில் படுத்தாலும், அரசே பயிற்சிக்கு அழைத்தாலும் உங்கள் மகளுக்கு இதே கதிதான். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்பது தொடக்கப் பள்ளிச் சங்கங்களின் பழைய கோரிக்கை. பத்திரிகைகளில் நாங்கள் ஓய்வூதியத்தை மட்டும் தலைப்பில் போட்டுவிட்டு அந்த வரியை விட்டுவிடுகிறோம். அது எங்கள் தவறு.

அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். சாரின் விடுப்புக் கணக்கைக் கேளுங்கள். கேட்டு முடித்ததும், இந்தப் பள்ளிக்கு மூன்றாவது ஆசிரியர் வேண்டும் என்று ஒரு தீர்மானம் போடுங்கள். வாசகத்தை அவரையே எழுதித் தரச் சொல்லுங்கள். அரசாணை எண்ணோடு எழுத அவருக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டு ஒரு நகல் எனக்கும் அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.