கல்லூரி வளாகத்தில் ‘நெகிழ்வான திறந்தவெளி’ என்றால் என்ன?

ஒரே இடம் காலையில் படிக்கவும், மதியம் சாப்பிடவும், மாலையில் கச்சேரி நடத்தவும் வசதியாக இருந்தால் அதுதான் நெகிழ்வான திறந்தவெளி. வீட்டு முற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் அங்கே வற்றல் காயும். மாலையில் பிள்ளைகள் ஓடியாடுவார்கள். கல்யாணம் வந்தால் பந்தல் எழும்பும்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 2013-இல் திறக்கப்பட்ட அறிவியல் மையச் சதுக்கம். அது ஒரு சுரங்கச் சாலையின் கூரைமேல் இருக்கிறது! கீழே கார்கள் விரைய, மேலே உணவு வண்டிகளும் சந்தையும் கூடார நிகழ்ச்சிகளும் மாறி மாறி இடம்பிடிக்கின்றன.

இது பலன் தருவதற்கு மனித இயல்பே காரணம். நியூயார்க்கின் சதுக்கங்களைப் படம்பிடித்து ஆராய்ந்த வில்லியம் வைட், அழகான ஒன்றைக் கவனித்தார். நகர்த்தக்கூடிய நாற்காலி கிடைத்தால், மக்கள் அதை ஓரிரு அங்குலமாவது நகர்த்திவிட்டுத்தான் உட்காருகிறார்கள், அதற்கு அவசியமே இல்லாதபோதும். இடத்தைத் தனக்கேற்ப மாற்ற முடிகிறது என்ற உணர்வு அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. நிழலைத் தேடி நகரலாம், நண்பர்களோடு வட்டமாக அமரலாம், தனியே ஒதுங்கவும் செய்யலாம். தரையோடு பதித்த சிமெண்டு பெஞ்சில் இது எதுவும் நடக்காது. அந்தப் பெஞ்சுகளை வரிசையாகப் போட்டுவிட்டு மாணவர்கள் வரவில்லையே என்று வருந்தும் நிர்வாகங்கள், முதலில் நாற்காலிகளை வாங்கிப் போட்டுப் பார்க்கட்டும்.

நெகிழ்வு என்றால் நிலத்தைக் காலியாக விட்டுவிடுவது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நிழல், மின் இணைப்பு, தண்ணீர், கூடாரம் கட்டப் பிடிமானம் எல்லாவற்றையும் முன்கூட்டியே திட்டமிட்டு அமைத்தால்தான் அந்த இடம் பல வேலைகளுக்கு உதவும்.