கேள்வி – பதில்: ஆட்சி மாறினால் கண்டனமும் மாறுமா?

கேள்வி: ட்ரம்ப் 2025 ஜனவரியில் மீண்டும் பதவியேற்றதிலிருந்து அமெரிக்க முற்போக்காளர்கள் அவருடைய வெளியுறவுக் கொள்கையைக் கடுமையாகச் சாடி வருகிறார்கள். தங்கள் ஜனநாயகக் கட்சிக்காரர் ஜனாதிபதியாக இருந்த காலங்களிலும் இவர்கள் இப்படிப் பேசினார்களா?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: சிலர் பேசினார்கள். அந்தச் சிலர் எத்தனை பேர் என்பதுதான் கவனிக்க வேண்டிய விடயம்.

ஒபாமா 2009 ஜனவரி 20 ஆம் திகதி பதவியேற்றார். குவாண்டனாமோ தடுப்பு முகாமை ஓராண்டுக்குள் மூடும்படி 22 ஆம் திகதி கட்டளையிட்டார். மறுநாளே பாகிஸ்தானின் எல்லைப்புறத்தில் அமெரிக்க ஆளில்லா விமானத் தாக்குதல்கள் நடந்தன. புஷ்ஷின் பாதுகாப்புச் செயலாளரான ரொபேர்ட் கேற்ஸ் அதே பதவியில் தொடர்ந்தார். அந்த ஆண்டு டிசெம்பர் 1 ஆம் திகதி ஆப்கானிஸ்தானுக்கு மேலும் 30,000 படையினரை அனுப்புவதாக அறிவித்த ஜனாதிபதி, 10 ஆம் திகதி ஒஸ்லோவில் சமாதானத்துக்கான நோபல் பரிசைப் பெற்றுக்கொண்டார். இதைக் கண்டித்தவர்களில் முக்கியமானவர், 2001 இல் படை பலத்தைப் பயன்படுத்த ஜனாதிபதிக்கு அதிகாரம் அளித்த தீர்மானத்துக்கு எதிராக இரு சபைகளிலும் தனி ஒருவராக வாக்களித்த ஜனநாயகக் கட்சிப் பிரதிநிதி பார்பரா லீ. ஆனால், ஆப்கானிஸ்தானிலிருந்து படைகளை மீட்கக் கோரி அதே கட்சியின் பிரதிநிதி டெனிஸ் குசினிச் 2010 மார்ச்சில் கொண்டுவந்த தீர்மானத்துக்குப் பிரதிநிதிகள் சபையில் கிடைத்த வாக்குகள் 65; எதிராக விழுந்தவை 356.

யேமன் விடயம் இதைவிடத் தெளிவானது. சவூதி அரேபியா அங்கே நடத்திய போருக்கு அமெரிக்கா அளித்த ஆதரவை நிறுத்தும் தீர்மானம் 2019 இல் செனற் சபையில் 54–46 என்றும் பிரதிநிதிகள் சபையில் 247–175 என்றும் நிறைவேறியது. செனற்றில் ஜனநாயகக் கட்சித் தரப்பினர் அனைவரும் அதற்கு ஆதரவாக வாக்களித்தார்கள்; ட்ரம்ப் தமது ரத்து அதிகாரத்தால் அதைத் தடுத்தார். பின்னர் பைடன் வந்தார். தாக்குதல் நடவடிக்கைகளுக்கான ஆதரவை நிறுத்துவதாக 2021 பெப்ரவரி 4 ஆம் திகதி அறிவித்தார். எது தாக்குதல், எது தற்காப்பு என்று முற்போக்காளர்கள் விளக்கம் கேட்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் 65 கோடி டொலர் பெறுமதியான ஏவுகணைகளைச் சவூதிக்கு விற்க அவரது நிர்வாகம் முன்வந்தது. அதைத் தடுக்க முற்போக்குச் செனற்றர் பேர்னி சாண்டர்ஸும் குடியரசுக் கட்சியினர் இருவரும் கொண்டுவந்த தீர்மானம் டிசெம்பரில் 30–67 எனத் தோற்றது. ஒன்று போருக்கான ஆதரவு பற்றியது, மற்றது ஆயுத விற்பனை பற்றியது என்பதால் இரண்டும் ஒரே வாக்கெடுப்பு அல்ல. ஆயினும் வெள்ளை மாளிகையில் இருப்பவர் யார் என்பதைப் பார்த்துப் பலருடைய மனச்சாட்சி இடம்மாறியது என்றே நான் கருதுகிறேன். முற்போக்காளர்களின் வாதத்தில் பிழையில்லை. தம் கட்சிக்குள்ளேயே அவர்கள் தனித்து விடப்பட்டார்கள்.

கேள்வி: 2009 மே மாதத்தில் ஒபாமா எங்களுக்காகப் பேசினார் அல்லவா? அதை மறக்கலாமா?
– வாசகி, நல்லூர்

பதில்: மறக்கவில்லை, அம்மா. மே 13 ஆம் திகதி, கண்மூடித்தனமான எறிகணை வீச்சை நிறுத்தும்படி அரசாங்கத்தையும், ஆயுதங்களைக் கீழே வைத்து மக்களை வெளியேற விடும்படி புலிகளையும் அவர் கேட்டார். ஐந்து நாட்களில் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்துவிட்டது. ஜூலையில் சர்வதேச நாணய நிதியம் இலங்கைக்கு 260 கோடி டொலர் கடன் வழங்கியபோது அமெரிக்கா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது, கடன் நிறைவேறியது. 2008 இல் 'ஒபாமாவுக்கான தமிழர்' என்ற பெயரில் புலம்பெயர்ந்தோர் அமைப்பே நடத்தினார்கள். அந்த நம்பிக்கைக்குக் கிடைத்த விடை இந்த ஒதுங்கல். மறுபுறம், 2020 பெப்ரவரியில் அன்றைய இராணுவத் தளபதி அமெரிக்காவுக்குள் நுழையத் தடை விதித்தது ட்ரம்பின் நிர்வாகம். கட்சியின் பெயரைக் கொண்டு எங்கள் விடயத்தில் எவரையும் எடைபோட இயலாது.

கேள்வி: மிதிவெடி அகற்றுவதற்கு அமெரிக்கா பணம் தந்தது. அதை நிறுத்தியதற்காக ட்ரம்பைக் கண்டிப்பது சரி. முந்தியவர்களைக் கண்டிக்க என்ன இருக்கிறது?
– வாசகர், பளை

பதில்: முகமாலையில் முகக்கவசமும் பாதுகாப்பு அங்கியும் அணிந்த பெண்கள், வெயிலில் முழந்தாளிட்டுச் சிறு வாரியால் மண்ணை அங்குலம் அங்குலமாக வாரி எடுக்கும் வேலையை நீங்கள் பக்கத்தில் இருந்து அறிந்தவர். அவர்களில் தனியாகக் குடும்பத்தைத் தாங்குபவர்கள் பலர். 2025 ஜனவரி இறுதியில் வெளிநாட்டு உதவி முடக்கப்பட்டபோது உலகெங்கும் மிதிவெடி அகற்றலுக்கான அமெரிக்க நிதியும் இடைநிறுத்தப்பட்டது. இது கொடுமையான முடிவு. ஒரு காணி துப்புரவாகும் வரை அதன் உரிமையாளர் தென்னம்பிள்ளை வைக்க முடியாது, வேலி அடைக்க முடியாது. வீட்டுத்திட்டமும் அவருக்கு எட்டாது.

ஆனால் முழுக் கணக்கையும் பார்க்க வேண்டும். மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 இல் இணைந்துவிட்டது; அமெரிக்கா இன்றுவரை இணையவில்லை. ஒபாமா 2014 இல் கொரியத் தீபகற்பத்துக்கு வெளியே அவற்றின் பயன்பாட்டைக் கைவிட்டார். 2020 இல் ட்ரம்ப் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கினார். 2022 இல் பைடன் மீளக் கொண்டுவந்தார். அதே பைடன் 2024 நவம்பரில், பதவி முடிய இரண்டு மாதங்கள் இருக்கையில், உக்ரேனுக்கு மிதிவெடிகளை வழங்க அனுமதித்தார். உக்ரேன் ஆக்கிரமிக்கப்பட்ட நாடு, அதற்குத் தற்காப்பு உரிமை உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும் போர் முடிந்து ஆண்டுகள் பல கடந்தும் மண்ணில் கிடக்கும் அந்த ஆயுதத்தை எந்த நியாயத்துக்காகவும் விதைக்கக் கூடாது என்று சொல்லும் உரிமை பளையிலும் இயக்கச்சியிலும் வாழ்பவர்களுக்கு இருக்கிறது. அமெரிக்க முற்போக்காளர்களிலும் மனித உரிமை அமைப்புகளிலும் இதைச் சொன்னவர்கள் இருந்தார்கள். ஜனநாயகக் கட்சியின் தேர்தல் தோல்வி எழுப்பிய இரைச்சலில் அது எடுபடவில்லை.

கேள்வி: இங்கிருந்து நாங்கள் என்ன செய்ய முடியும்?
– வாசகர், கோப்பாய்

பதில்: அமெரிக்காவில் வாக்குரிமை பெற்ற உறவினர் உங்களில் சிலருக்கு இருக்கலாம். அங்கே காங்கிரஸ் வாக்கெடுப்புகளில் பெயர்வாரியாக யார் எப்படி வாக்களித்தார் என்பது பகிரங்கப் பதிவு. 2021 டிசெம்பரில் அந்த ஏவுகணை விற்பனை பற்றித் தங்கள் மாநிலத்துச் செனற்றர்கள் இருவரும் எப்படி வாக்களித்தார்கள் என்று பார்த்து, அவர்களுக்கே எழுதிக் கேட்கச் சொல்லுங்கள்.